பழக்கிய குதிரைக்கு ஆறு மைல், பழக்காததற்கு ஒரு மைல்

சென்ற ஆண்டு ரபீஉல் அவ்வல் இதழில் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு காக்காவைப் பாராட்டிச் செய்தி வெளியிட்டிருந்தோம். வயது 46. பஜாரில் எழுதுபொருள் கடை வைத்திருப்பவர். நமது அறக்கட்டளை நடத்திய இலவசச் சர்க்கரைப் பரிசோதனை முகாமில் அவருடைய மூன்று மாதச் சராசரி அளவு 8.4 என்று வந்தது. மனம் கலங்கிப்போய் மறுநாளே ஓடத் தொடங்கினார். ஏழே வாரத்தில் தன்னந்தனியாக 21 கிலோமீட்டர் ஓடி முடித்தார். "நம் இளைஞர்களுக்கு முன்மாதிரி" என்று எழுதினோம்.

அந்த இதழ் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த வாரம் அவர் காலைத் தரையில் ஊன்ற முடியாமல் படுத்திருந்தார். கணைக்கால் எலும்பில் மயிரிழை போன்ற விரிசல். ஆறு வாரம் ஓய்வு. கடையை மச்சான் பார்த்துக்கொண்டார். ஓட்டம் நின்றதும் சர்க்கரை பழையபடி ஏறியது. அவரைப் பார்க்கப் போனபோது, "நீங்க எழுதினதப் பாத்துட்டு அடுத்த வாரம் 25 ஓடிப் பாக்கலாம்னு நெனச்சேன்" என்றார். குறை சொல்வதற்காக அவர் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்குச் சுருக்கென்றது. அந்தப் பாராட்டை எழுதியவர்கள் நாங்கள். ஆகவே இந்தப் பாடத்தை எழுத வேண்டியவர்களும் நாங்களே.

மதீனாவில் நடந்த பந்தயம்

கால் தேறி அவர் மீண்டும் பள்ளிக்கு வரத் தொடங்கிய நாட்களில், ஃபஜ்ருக்குப் பின் நடக்கும் ஹதீஸ் வகுப்பில் குதிரைப் பந்தயம் பற்றிய அறிவிப்பு வந்தது. இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிப்பது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியபோது எல்லாக் குதிரைகளுக்கும் ஒரே தூரம் வைக்கவில்லை. முறையாகப் பயிற்சி கொடுத்து மெலிய வைக்கப்பட்ட குதிரைகள் ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடின. அது ஐந்து அல்லது ஆறு மைல். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை மட்டுமே எல்லை. அது ஒரு மைல். இப்னு உமர் (ரலி) அவர்களும் அந்தப் பந்தயத்தில் கலந்துகொண்டவர்களில் ஒருவர்.

அந்தப் பயிற்சிக்கு அரபியில் தழ்மீர் என்று பெயர். முதலில் குதிரைக்கு நன்றாகத் தீனி கொடுத்துத் தேற்றுவார்கள். பிறகு தீனியைச் சிறிது சிறிதாகக் குறைத்து, துணி போர்த்தி வியர்க்க வைத்து, ஊளைச்சதை கரைந்து உடல் இறுகும்வரை பழக்குவார்கள். அவசரத்துக்கு ஆகிற காரியம் அல்ல அது. வாயில்லாப் பிராணிக்கே தகுதி பார்த்துத் தூரம் வைக்கப்பட்டிருக்கிறது. காக்கா தம் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "நான் ஒரு மைல் குதிரை ஹஜ்ரத்" என்றார். வகுப்பில் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

அவருக்கு நேர்ந்தது என்ன என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். இது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

ஓடத் தொடங்கிய நாலைந்து வாரத்தில் மூச்சு இரைப்பது குறைந்துவிடும். இதயமும் தசையும் சீக்கிரம் பழகுகிறவை. எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களும் அப்படியல்ல. அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். அதிலும் எலும்பின் வேலை விசித்திரமானது. புதிய பாரம் வந்ததும் அது முதலில் பழைய பகுதியை அரித்து அகற்றுகிறது, அதன் பிறகே புதிதாகக் கட்டுகிறது. பழைய சுவரில் காரையைச் சுரண்டிய பிறகுதானே கொத்தனார் புதிதாகப் பூசுகிறார்? சுரண்டிய நிலையில் உள்ள சில வாரங்களில் எலும்பு முன்பைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கும். அந்த வாரங்களில்தான் மூச்சு நன்றாக வாங்குகிறதே என்ற தெம்பில் நாம் தூரத்தைக் கூட்டுகிறோம். காக்கா ஏழாம் வாரத்தில் 21 கிலோமீட்டர் ஓடியது அப்படித்தான். நாங்கள் கைதட்டியதும் அப்போதுதான்.

ஷவ்வால் மாதத்தில் அவர் மறுபடி தொடங்கினார். இம்முறை இதயப் பரிசோதனை செய்து, மருத்துவரின் சம்மதம் பெற்ற பிறகே தொடங்கினார். ஜனவரியில் சென்னையில் நடக்கும் மாரத்தானுக்கு ஒன்பது மாதம் இருந்தது. முழு மாரத்தான் என்பது 42 கிலோமீட்டர் 195 மீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது, 1921-இல் உலகம் முழுவதற்கும் அதையே நிலையாக்கினார்கள். நம் ஊரிலிருந்து பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய்வரும் தூரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

முதல் மாதம் நான்கு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம் என்று மாறி மாறி அரை மணி நேரம். வாரத்தில் நான்கு நாள் மட்டும். பிறகு ஓட்டம் மெல்லக் கூடி நடை குறைந்தது. வெள்ளிக்கிழமை கடைக்கு விடுமுறை என்பதால் நீண்ட ஓட்டத்தை அன்று ஃபஜ்ருக்குப் பின் வைத்துக்கொண்டார். அதில் வாரத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோமீட்டர் கூடும். நான்காவது வாரம் கூட்டாமல் குறைத்துவிடுவார். எலும்பு கட்டி முடிக்க அது கொடுக்கும் அவகாசம். குறைக்கிற வாரம்தான் தமக்கு மிகச் சிரமமாக இருந்தது என்று சொல்வார், நஃப்ஸ் கேட்காதாம்.

வேகத்துக்கு அவர் கையில் கடிகாரம் கட்டவில்லை. ஓடும்போது திக்ரு செய்வார். வாசகம் முழுதாக வாயில் வந்தால் வேகம் சரி, நடுவில் மூச்சு முட்டி அறுந்தால் வேகம் அதிகம், உடனே குறைத்துவிடுவார். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் என்று பயிற்சியாளர்கள் சொல்வதும் இதைத்தான். நீண்ட ஓட்டங்கள் எல்லாவற்றையும் இந்த மெதுவான வேகத்திலேயே ஓடினார். பஜாரில் சைக்கிளில் போகிற பையன்கள் கேலி செய்தார்கள். ரப்பர் செருப்பை விட்டு நல்ல ஷூ வாங்கியதும், முழங்கால் மறையும் நீளக் கால்சட்டை தைத்துக்கொண்டதும் அவர் செய்த செலவு. இதைச் சொல்லக் காரணம், அவ்ரத்தைப் பற்றிச் சிலர் எங்களிடம் கேட்டிருந்தார்கள்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு 32 கிலோமீட்டர் ஓடினார். அதுவே பயிற்சியின் உச்சம். அதன் பிறகு தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். 42-ஐ ஒரு முறை ஓடிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையைப் பந்தய நாளுக்கென்று ஒத்திவைத்தார்.

ஸலமா (ரலி) அவர்கள் மூச்சைச் சேமித்தது

ஸஹாபாக்களில் காலால் ஓடுவதில் புகழ்பெற்றவர் ஸலமா இப்னு அக்வஃ (ரலி). ஒரு பயணத்திலிருந்து மதீனா திரும்பும் வழியில், ஓட்டத்தில் யாரும் முந்த முடியாத அன்ஸாரி ஒருவர் போட்டிக்கு அழைக்கிறார். ஸலமா (ரலி) நபி (ஸல்) அவர்களிடம் அனுமதி கேட்டு இறங்கி ஓடுகிறார். ஆனால் தொடக்கத்தில் அவரை முன்னே போக விட்டு, ஒன்றிரண்டு மேடுகள் கடக்கும்வரை தம் மூச்சை மிச்சம் பிடித்துக்கொள்கிறார். அதன் பிறகே வேகமெடுத்து எட்டிப் பிடித்து, மதீனாவுக்கு முதலில் வந்து சேர்கிறார். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள நீண்ட அறிவிப்பின் ஒரு பகுதி இது.

இதற்கு இன்றைய கணக்கு ஒன்று உண்டு. நம் தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சர்க்கரை சேமிப்பு இருக்கிறது. சுமாராக 2000 கலோரி. 70 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 70 கலோரி செலவாகும். வகுத்துப் பார்த்தால் 30 கிலோமீட்டர் அளவில் கையிருப்பு தீரும். ஓட்டக்காரர்கள் அந்த இடத்தைச் சுவர் என்கிறார்கள், உண்மையாகவே சுவரில் மோதியதுபோலக் கால் நின்றுவிடும். மெதுவாகத் தொடங்கினால் உடல் கொழுப்பையும் சேர்த்து எரிக்கும், சர்க்கரை நீடிக்கும். தொடக்கத்திலேயே பாய்ந்தவர் சேமிப்பைச் சீக்கிரம் கரைத்துவிடுவார். காக்கா முக்கால் மணிக்கு ஒரு முறை இரண்டு பேரீத்தம்பழம் சாப்பிடப் பயிற்சியிலேயே வயிற்றைப் பழக்கியிருந்தார்.

பந்தய நாள்

நேப்பியர் பாலத்தருகே அதிகாலை 4 மணிக்கு ஓட்டம் தொடங்கியது. ஜனவரியில் சென்னையில் ஃபஜ்ர் நேரம் தொடங்குவது ஐந்தே காலுக்குப் பிறகு. ஆகத் தொழுகை ஓட்டத்தின் நடுவில்தான் வரும். இதை முன்கூட்டியே யோசித்து ஒளுவோடு கிளம்பினார், இடுப்பில் ஒரு மெல்லிய துணியைக் கட்டிக்கொண்டார். சுமார் பத்தாவது கிலோமீட்டரில் சாலையோரம் துணியை விரித்தபோது, முன்பின் தெரியாத இரண்டு ஓட்டக்காரர்கள் வந்து பின்னால் நின்றார்களாம். ஜமாஅத்தாகவே தொழுதார்கள். ஆறு நிமிடம் ஆனது.

33-ஆவது கிலோமீட்டரில் கால்கள் கனத்தன. மூன்று நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றிக்கொண்டார். 5 மணி 52 நிமிடத்தில் முடித்து, உட்கார்ந்து, உம்மாவுக்குப் போன் செய்தார். "சாப்பிட்டியா வாப்பா?" என்பதுதான் உம்மாவின் முதல் கேள்வி.

உயிர் சம்பந்தப்பட்ட சில விஷயங்கள்

அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானிலும் அரை மாரத்தானிலும் ஓடிய ஏறத்தாழ 1 கோடியே 9 லட்சம் பேரைப் பற்றிய ஆய்வில், 59 பேருக்கு இதயத் துடிப்பு நின்றது தெரியவந்தது. 42 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆண்கள். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் பிழைத்தவர்களைப் பிழைக்க வைத்ததில் அருகில் இருந்தவர் உடனே நெஞ்சை அழுத்திச் செய்த சிபிஆர் முதலுதவிக்குப் பெரிய பங்கு உண்டு. மைதானத்துக்கு வருகிற நம் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைப் பார்க்காமல் ஓடத் தொடங்கக் கூடாது. ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நின்றுவிட வேண்டும்.

இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஓட்டத்தால் சர்க்கரை திடீரெனத் தாழலாம். பையில் பேரீத்தம்பழமோ சர்க்கரையோ இருக்கட்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு நீண்ட தூரம் ஓடுவது சிறுநீரகத்துக்குக் கேடு. டயாலிசிஸ் உதவிக்கு எங்களிடம் வரும் மனுக்களைப் பார்ப்பவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

தண்ணீரிலும் அளவு தவறலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்கு உப்புச் சத்து குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மீறித் திரவம் குடித்து எடை கூடியவர்கள் அவர்களில் அதிகம். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

ரமளான் நெருங்குகிறது. நெதர்லாந்து வீராங்கனை சிஃபான் ஹசன் 2023-இல் லண்டன் மாரத்தானுக்கு ரமளானில் பயிற்சி எடுத்து, நோன்பு முடிந்த சில நாட்களிலேயே ஓடி வென்றார். மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் தங்கம் வாங்கியவரும் அவரே, பதக்கம் பெற ஹிஜாபோடு வந்து நின்றதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவர் அதையே தொழிலாகக் கொண்டவர். நமக்கு இஃப்தாருக்கு முன் அரை மணி நேர நடை போதும். காக்கா சென்ற ரமளானில் அதைத்தான் செய்தார். சர்க்கரை உள்ளவர்கள் நோன்பு பற்றி இப்போதே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். நோன்பில் அளவு 70-க்குக் கீழே போனால் நோன்பை விட்டுவிட வேண்டும், பிறகு களாச் செய்துகொள்ளலாம்.

பெண்கள் பற்றி ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். ஒரு முறை அன்னையவர்கள் வென்றார்கள், உடல் சற்றுப் பருத்த பின் இன்னொரு முறை நபியவர்கள் வென்றார்கள். நம் வீடுகளில் பெண்கள் நடப்பதற்குக்கூட இடமில்லை என்பது உண்மையான குறை. மதரஸா மைதானத்தை அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் அவர்களுக்கு மட்டும் ஒதுக்க நிர்வாகம் இசைந்துள்ளது.

காக்காவின் மூன்று மாதச் சராசரி இப்போது 6.6. மாத்திரை தொடர்கிறது. அடுத்த ஜனவரிக்கு அவர் இன்னும் பெயர் கொடுக்கவில்லை. கல்லூரியில் படிக்கும் அவர் மகன் அடுத்த மாதம் நடக்கும் அரை மாரத்தானில் ஓடப் பணம் கேட்டிருக்கிறான். இரண்டு மாதம் 5 கிலோமீட்டர் ஓடிக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாராம். மகன் மூன்று நாளாக வாப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் ஃபஜ்ருக்குப் பின் இருவரையும் கடற்கரைச் சாலையில் பார்த்தோம். மகன் முன்னால் ஓடிக்கொண்டிருந்தான், காக்கா பின்னாலிருந்து "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டிருந்தார்.