எழுத்திலும் ஒரு மலைப்பாதை

மாணவர்களே! சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் பேருந்து வேகம் குறையும். உங்கள் பேனாவும் அப்படித்தான்! 'அ' எழுதிப் பாருங்கள். சுழியில் முனை தயங்கும், நேர்கோட்டில் விரையும். வரையும் கையின் இயக்கத்தை ஆராய்ந்த லாக்வானிட்டி, டெர்சுவோலோ, விவியானி ஆகிய மூவரும் 1983-ல் இதை விதியாகவே கூறினர். வளைவின் ஆரம் எட்டில் ஒரு பங்கானால் கையின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும்.

சிறு குழந்தையின் கையோ புதிய ஓட்டுநரைப் போன்றது. ஒரே சுழிக்குள் பலமுறை விரைந்து, பலமுறை தயங்கும். மணிக்கட்டின் 8 எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புகளே. கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே 9 முதல் 12 வயதாகிறது. பிறகு, 'கோழிக் கிறுக்கல்' என்று காதைத் திருகி என்ன பயன்?

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எனப்படும் தொழில்வழிச் சிகிச்சையாளர் காதைத் தொடுவதில்லை. குழந்தையின் பாதம் தரையில் படிகிறதா என்று முதலில் பார்க்கிறார். பிறகு மணலில் விரலால் பெரிதாக எழுதச் சொல்கிறார். ஆரம் பெரிது, தோளிலிருந்து கை முழுதும் இயங்கும், மணலின் உராய்வு பாதையை விரலுக்கு உணர்த்தும். நம் திண்ணைப் பள்ளிகளின் பழைய முறைதான் இது!

அடுத்தது சுவர்க் கரும்பலகை. மணிக்கட்டை உள்நோக்கி மடக்கி முட்டி பிடியுங்கள், பிடி தளரும். பின்னோக்கிச் சாய்த்தால் இறுகும். நிமிர்ந்த பலகையில் எழுதும்போது மணிக்கட்டு தானாகவே பின்னோக்கிச் சாய்கிறது. 2007-ல் செயல்வழிக் கற்றல் தமிழகமெங்கும் பரவியபோது தொடக்கப் பள்ளிச் சுவர்களில் குழந்தைகளின் உயரத்திற்கே கரும்பலகைகள் அமைந்தன.

வீட்டில் எழுதத் திணறும் தம்பி இருந்தால், சாக்கட்டியைச் சிறிதாக ஒடித்துக் கொடுங்கள். துண்டைக் கைப்பிடிக்குள் அடக்கி எழுத முடியாது. விரல் நுனிகளால்தான் பிடித்தாக வேண்டும்.