கார்புரேட்டரை நானே பிரிக்கலாமா?

கேள்வி: என் பழைய ஹோண்டா ஃபேன்டம் சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது. வீட்டிலேயே கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யலாமா? ஸ்பானர் பிடித்துப் பழக்கமில்லை. – வாசகர், தெம்பனிஸ்

பதில்: தாராளமாக. உங்கள் வண்டிக்கு ஒரே கார்புரேட்டர்தான். நான்கு கொண்ட பழைய சிபி400 என்றால் தடுத்திருப்பேன்.

முதல் சந்தேகம், வண்டி நிற்கும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட் மீதுதான். ஓடாமல் நின்ற வண்டியில் பெட்ரோல் வற்றிப் பிசினாகி, அந்த நுண்துளையை அடைத்துவிடும். கம்பியால் குத்தவே வேண்டாம். பித்தளைத் துளை சற்று அகன்றாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும். கார்புரேட்டர் கிளீனரும் அழுத்தக் காற்றும் போதும். கிளீனர் பட்டால் ரப்பர் ஊதிப்போகும் என்பதால் ஓ-ரிங்குகளை முன்பே கழற்றிவிடுங்கள். கலவைத் திருகை எடுக்குமுன், மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எழுதிவையுங்கள். ஜப்பானியத் திருகுகளுக்கு ஜேஐஎஸ் முனை வேண்டும்; சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் தலையைத் தேய்த்துவிடும்.

வீவக அடுக்குமாடி வீட்டில் எனக்குள்ள ஒரே கவலை பெட்ரோல் ஆவி. காற்றைவிடக் கனமான அது, தரையோடு படர்ந்து அடுப்பு வரை, சாமி விளக்கு வரை போகும். கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலைக் கீழேயே மூடியுள்ள கேனில் வடித்துவிட்டு மேலே கொண்டுவாருங்கள்.

பதிவுத் தேதியையும் பாருங்கள். 2003 ஜூலை 1க்கு முன் பதிவானதென்றால், 2028 ஜூன் 30க்குப் பின் சாதாரணப் பதிவில் சிங்கப்பூரில் ஓட்ட முடியாது. அப்படியானால் புதுக் கார்புரேட்டருக்குச் செலவழிக்காமல் ரிப்பேர் கிட் மட்டும் வாங்குங்கள்.