தேடுபொறியிடம் கேட்கும் முறை

வினாவுதல் எளிது, முறையறிந்து வினாவுதல் அரிது. இவ்வுண்மையை நான் வகுப்பறையில் உணர்ந்ததைவிட, ஈஜிபுராவில் ஓர் இட்லி வண்டியருகே உணர்ந்ததே மிகுதி. அன்று கற்ற பாடத்தை மன்ற நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மன்ற இதழின் பழைய ஏடுகளைச் சென்ற ஆண்டு பலரும் கூடித் தட்டெழுதினோம் அல்லவா? கட்டுரைகளும் கதைகளுமாக 640 தேறின. அவற்றைத் தேடிப் படிக்க ஒரு வழி வேண்டுமென்று, நான் தங்கியிருக்கும் ஈஜிபுரா அறையில், என் மடிக்கணினியிலேயே 'சோலர்' என்னும் தேடல் சர்வரை நிறுவினேன். அந்தப் பெருமையை, நாள்தோறும் எனக்கு இட்லி பரிமாறும் அக்காவிடமும் சொல்லிக்கொண்டேன். அவர் சற்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, எங்க வீடுங்களை இடிச்சப்போ காலேஜுப் பிள்ளைங்க வந்து எங்ககிட்ட பேசி எழுதிக்கிட்டுப் போனாங்க. புஸ்தகத்துல போடுவோம்னு சொன்னாங்க. அது உன் மிஷினுல வருமா?"

அவர் கூறியது 2013 ஜனவரி நிகழ்ச்சி. ஈஜிபுராவில் நலிந்த பிரிவினருக்கென அமைந்த குடியிருப்பில் வாழ்ந்த மக்கள் அப்போது வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய இருப்பிடங்கள் தரைமட்டமாயின. அன்று இரவே 'ஈஜிபுரா வீடு இடிப்பு' என்று இட்டுத் தேடினேன். கிடைத்தவை: 0. மறுநாள், "இல்லை அக்கா" என்றேன். "சரி தம்பி, அப்போ போடலை போல" என்று கூறி அவர் சட்னியை ஊற்றினார்.

அந்தச் சொல் என் மனத்தில் முள்ளாய்த் தைத்தது. 'போடலை' என்பது அவர் முடிவு. அம்முடிவுக்கு அவரைக் கொண்டு சென்றவன் நான். என் பொறி கூறிய 0 உண்மைதானா? ஆராய்ந்து பார்க்கலானேன்.

பொறி எவ்வாறு தேடுகிறது?

தேடுபொறி நாம் கேட்கும்போதெல்லாம் 640 ஏடுகளையும் முதலிலிருந்து படிப்பதில்லை. நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் போல, எந்தச் சொல் எந்த ஏட்டில் வருகிறது என்னும் அட்டவணையை முன்னரே அமைத்துக்கொள்கிறது. தமிழர்க்கு இது புதிதன்று. புதுச்சேரிப் பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் பழந்தமிழ் இலக்கியங்களுக்கான சொல்லடைவை 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. அறிஞர்கள் கையால் தொகுத்த அத்தகைய அடைவைக் கணிப்பொறி நொடிகளில் தொகுக்கிறது; வேறுபாடு அவ்வளவே.

இவ்வேலையைச் செய்யும் 'லூசீன்' என்னும் நிரற்றொகுப்பை டக் கட்டிங் என்பவர் 1999-இல் எழுதினார். அதன்மேல் சர்வராக எழுந்ததே சோலர். சீநெட் நிறுவனத்தில் யோனிக் சீலி என்பவர் 2004-இல் இதனைத் தொடங்கினார். 2006-இல் இஃது அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. விக்கிப்பீடியாவின் தேடலும் லூசீன் வழிவந்த பொறியாலேயே நடக்கிறது. ஆய்வேடுகளின் களஞ்சியமான 'சோத்கங்கா' எழுப்பப்பட்ட 'டிஸ்பேஸ்' மென்பொருளும் தேடலுக்குச் சோலரையே நாடுகிறது. ஆகவே, இங்கே நாம் கற்பது ஒரு மடிக்கணினிக்கு மட்டும் உரியதன்று.

வினாவின் உறுப்புகள்

சோலரிடம் வினாவுவது ஒரு முகவரியை எழுதுவது போன்றது. முகவரிக்குப் பின்னே கேள்விக்குறி; அதன்பின் '&' குறியால் இணைத்த பாராமீட்டர்கள். அவற்றுள் இன்றியமையாதன சிலவற்றைக் காண்போம்.

முதலாவது 'கியூ'. நாம் தேடும் சொற்கள் இதில் அமையும். இது பொருத்தத்தை மதிப்பிட்டு ஒவ்வோர் ஏட்டுக்கும் ஒரு மதிப்பெண் இடும்.

இரண்டாவது 'எஃப்கியூ'. இது சல்லடை. 'ஆண்டு 2013' என்று இட்டால் மற்ற ஆண்டுகள் விழுந்துவிடும். எஞ்சியவற்றின் மதிப்பெண் மாறாது. சல்லடையின் விளைவைச் சோலர் நினைவில் வைத்துக்கொள்வதால், அதே சல்லடையை மறுமுறை இடும்போது விடை விரைந்து வரும். ஆகவே ஆண்டு, பகுதி போன்றவற்றைக் 'கியூ'வில் திணிக்காமல் இங்கே இடுவதே முறை.

மூன்றாவது 'சார்ட்'. விடைகளை எவ்வாறு அடுக்குவது என்பதை இது கூறும். ஒன்றும் கூறாவிட்டால் மதிப்பெண் மிகுந்தது முதலில் வரும்.

நான்காவதும் ஐந்தாவதும் இரட்டையர்: 'ஸ்டார்ட்', 'ரோஸ்'. எந்த விடையிலிருந்து தொடங்குவது, எத்தனை விடை தருவது என்பன இவை. நாம் வாய் திறவாவிட்டால் சோலர் முதல் 10 விடைகளையே தரும். பதினோராவது விடை இருப்பினும் அது நம் கண்ணில் படாது. 'நம்ஃபவுண்ட்' என்னும் எண்ணைப் பார்த்தால்தான் மொத்தம் எத்தனை என்பது விளங்கும். பலர் இவ்வெண்ணைப் பார்ப்பதேயில்லை.

இவற்றோடு 'கியூ.ஆப்' என்பதும் உண்டு. மூன்று சொல் இட்டால் மூன்றும் இருக்கவேண்டுமா, ஏதேனும் ஒன்று இருந்தால் போதுமா என்பதை இது தீர்மானிக்கும். 'ஆண்ட்' என்றால் எல்லாம் வேண்டும். 'ஆர்' என்றால் ஒன்று போதும். சோலரின் இயல்பு 'ஆர்'. விடைகள் செறிவாக வரட்டுமே என்று நான் அதனை 'ஆண்ட்' என மாற்றியிருந்தேன்.

மறைந்திருந்த சல்லடை

மேற்கூறியவை கேட்பவர் எழுதுவன. கேட்பவர் எழுதாமலே சேர்வன சில உண்டு. சோலரின் அமைப்புக் கோப்பில் அவற்றுக்கு மூன்று பெட்டிகள் உள.

'டீஃபால்ட்ஸ்' என்பது, கேட்பவர் கூறாவிட்டால் கொள்ளவேண்டியது. அவர் கூறினால் அவர் சொல்லே நிற்கும். 'அப்பெண்ட்ஸ்' என்பது, கேட்பவர் எதைக் கூறினாலும் அதனோடு கூடவே சேர்வது. 'இன்வேரியண்ட்ஸ்' என்பது மாறாதது; கேட்பவர் வேறு கூறினும் செல்லாது. இவை மூன்றும் வேண்டியவையே. ஒரே நேரத்தில் இலட்சம் விடை கேட்டு ஒருவர் சர்வரை மூச்சுத் திணறச் செய்யாமல் காக்க மாறாத கட்டு தேவைதான். ஆனால், கேட்பவர் கண்ணுக்கு இவை தெரிவதில்லை என்பதை மறக்கலாகாது.

இவற்றைக் காணும் வழி யாதெனின், வினாவோடு 'எக்கோபாராம்ஸ்' என்பதை 'ஆல்' என இட்டு அனுப்புவதே. அப்போது சோலர் தான் உண்மையில் பயன்படுத்திய எல்லாப் பாராமீட்டர்களையும் விடையின் தலையில் எழுதிக் காட்டும். நானும் அவ்வாறே அனுப்பினேன். விடையின் தலையில் நான் எழுதாத ஒரு சல்லடை நின்றது: 'ஆண்டு 2015 முதல்'.

யார் இட்டது? நானே! சர்வரை நிறுவிய முதல் வாரத்தில், பழைய ஏடுகளில் தட்டெழுத்துப் பிழை மிகுந்திருந்தமையால், அவற்றைத் திருத்தும்வரை ஒதுக்கிவைக்க அந்த வரியை 'அப்பெண்ட்ஸ்' பெட்டியில் எழுதியிருந்தேன். பிழைகளைத் திருத்தினோம், வரியை எடுக்க மறந்தேன். அக்கா எத்தனை முறை கேட்டிருந்தாலும், எந்தச் சொல்லால் கேட்டிருந்தாலும், 2013-ஆம் ஆண்டு ஏடு வெளிவந்திருக்காது.

சொல்லின் பல வடிவம்

வரியை நீக்கினேன். மீண்டும் தேடினேன். மீண்டும் 0!

இம்முறை 'டீபக்' என்பதைக் 'குவரி' என இட்டு, என் வினாவைப் பொறி எவ்வாறு புரிந்துகொண்டது எனக் கண்டேன். அது 'ஈஜிபுரா', 'வீடு', 'இடிப்பு' ஆகிய மூன்று வடிவங்களையும் எழுத்துக்கு எழுத்து நாடியது. நாம் தமிழில் அவ்வாறா எழுதுகிறோம்? 'ஈஜிபுரத்தில்' என்போம், 'ஈஜிபுராவிலிருந்து' என்போம், 'ஈசிபுரம்' என்பாரும் உளர். 'வீடுகளை' என்போம், 'இடிக்கப்பட்டன' என்போம். வேற்றுமையும் காலமும் இடமும் சொல்லோடு ஒட்டிவரும் மொழியில், மூன்று சொல்லும் அதே வடிவில் ஓர் ஏட்டில் இருக்கவேண்டும் என்று 'ஆண்ட்' போடுவது தேடுபவரின் கண்ணைக் கட்டுவதாகும்.

இதற்கு மூன்று மருந்து கொடுத்தேன். முதலாவது, 'ஆண்ட்' என்பதை 'ஆர்' ஆக்கினேன். இரண்டாவது, தமிழ்ச் சொல்லின் ஈறுகளைக் களையும் 'ஸ்டெம்மர்' என்னும் கருவியைப் பூட்டினேன். 'ஸ்னோபால்' தொகுப்பில் தமிழுக்கும் இக்கருவி உண்டு. 2021-இல் வெளிவந்த லூசீன் 9 அதனை ஏற்றுக்கொண்டது. அதுவும் எல்லா வடிவங்களையும் ஒன்றாக்கிவிடவில்லை. ஆதலின் மூன்றாவதாக, 'ஈஜிபுரா, ஈஜிபுரம், ஈசிபுரம்' எனவும் 'இடிப்பு, இடித்து, இடிக்கப்பட்ட' எனவும் ஒருபொருட் சொற்பட்டியல் ஒன்றை எழுதினேன். இங்கே ஒன்று கருதுக: வினாவின் பாராமீட்டர்களை மாற்றினால் பயன் உடனே தெரியும். அட்டவணை அமையும் முறையை மாற்றினாலோ எல்லா ஏடுகளையும் மீண்டும் ஏற்றவேண்டும். ஏற்றாமல் விட்டால் பழைய அட்டவணையே பேசும்.

விடையைத் தரும் முறை

இப்போது நம்ஃபவுண்ட் 23 என்றது. முதல் பத்தைப் பார்த்தேன். நான் தேடியது இல்லை. 'ஸ்டார்ட்' 10 என இட்டேன். பதினான்காவதாக நின்றது அக்கட்டுரை!

ஏன் பின்தங்கியது? தலைப்பில் வரும் சொல்லுக்கு உரையில் வருவதைவிட ஐந்து மடங்கு மதிப்பு என்று 'கியூஎஃப்' என்னும் குறிப்பில் நான் எழுதியிருந்தேன். ஆகவே 'வீடு' என்னும் சொல்லைத் தலைப்பில் கொண்ட கதைகளெல்லாம் முன்னே வந்து நின்றன. மேலும், சோலர் கைக்கொள்ளும் 'பிஎம்25' என்னும் மதிப்பீட்டு முறையில், அரிய சொல்லுக்கு மதிப்பு மிகுதி. நீண்ட ஏட்டுக்குச் சிறிது குறைவு. அரிய சொல்லுக்கு எடை தரும் இக்கருத்தைக் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் அம்மையார் 1972-இல் வெளியிட்டார். நம் கட்டுரையோ ஒன்பது பக்கம். தலைப்பின் மடங்கை இரண்டாகக் குறைத்து, ஆண்டுச் சல்லடையை 2013 என இட்டேன். மூன்று விடைகள் வந்தன. அவற்றுள் அஃது முதலாவது.

விடை வந்தால் மட்டும் போதாது. படிக்கத்தக்க வடிவில் வரவேண்டும். 'எஃப்எல்' என்னும் குறிப்பில் எந்தப் புலங்கள் வேண்டுமோ அவற்றை மட்டும் எழுதலாம். நான் தலைப்பு, எழுதியவர், ஆண்டு, பக்கம் என்னும் நான்கை எழுதினேன். ஒன்பது பக்க உரையையும் பட்டியலில் கொட்டுவது வீண். 'டபிள்யூடி' விடையின் வடிவத்தைக் கூறும். 2017-இல் வந்த சோலர் 7 முதல், ஒன்றும் கூறாவிட்டால் 'ஜேசன்' வடிவில் வரும். நிரல் எழுதுவார்க்கு அது நன்று. மன்றச் செயலர் அட்டவணையில் பார்க்க விரும்பினால் 'சிஎஸ்வி' என இடலாம்.

'எச்எல்' என்பது தேடிய சொல்லைச் சுற்றியுள்ள சில வரிகளை எடுத்து, அச்சொல்லைத் தடித்துக் காட்டும். அதன் இயல்பான நீளம் ஏறத்தாழ 100 குறிகள். தமிழுக்கு இது போதாது. 'கி' என்பது நமக்கு ஓரெழுத்து. கணிப்பொறிக்குக் ககரமும் இகரக் குறியுமாக இரண்டு. புள்ளியும் ஒரு குறியே. ஆகவே நூறு குறி என்பது நம் கணக்கில் நூறு எழுத்தாகாது. வாக்கியம் நடுவே அறுந்துவிடும். நான் 250 ஆக்கினேன். அப்போதுதான் இடிந்த சுவரருகே நின்று ஒரு பெண் மாணவர்களிடம் பேசிய வரிகள் முழுமையாகத் திரையில் தெரிந்தன.

அக்கட்டுரையைத் தாளில் அச்சிட்டு எடுத்துச் சென்றேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஒருமுறை படித்தார். இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்து, "இது எங்கம்மா சொன்னது. அவங்க இப்ப இல்ல" என்றார். பிறகு தாளை மடித்து, காசுப் பெட்டியின் அடியில் வைத்தார். அன்று இட்லிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார், வற்புறுத்திக் கொடுத்தேன்.

நண்பர்களே, பொறி பொய் சொல்லவில்லை. கேட்ட வினாவுக்கு அதன் விடை சரியே. வினாவில் என் மறதியும், என் அவசரமும், தமிழின் இயல்பை எண்ணாத என் போக்கும் கலந்திருந்தன. அவை எவையும் திரையில் தெரியவில்லை. 0 ஒன்றே தெரிந்தது. ஆதலின் எந்தக் களஞ்சியத்தில் தேடினும், 'இல்லை' என்று ஒருவருக்குச் சொல்லுமுன் நான்கைப் பாருங்கள்: மொத்த எண் எவ்வளவு, நாம் எழுதாத சல்லடை உண்டா, சொல்லை வேறு வடிவிலும் தேடினோமா, அடுத்த பத்தைப் பார்த்தோமா.

நம் மன்றத் தேடல் பக்கத்தின் தலையில் இனி, நடப்பிலுள்ள எல்லாச் சல்லடைகளும் தமிழில் எழுதப்பட்டிருக்கும். பெங்களூரின் ஊர்ப்பெயர்களையும் பேட்டைப்பெயர்களையும் நம்மவர் பலவாறு எழுதுகின்றனர். நீங்கள் அறிந்த வடிவங்களை ஒரு தாளில் எழுதி மன்ற அறையில் கொடுத்துதவ வேண்டுகிறேன். ஒருபொருட் பட்டியல் இன்னும் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை.