வீட்டில் தோட்டாவும் யானை வெடியும்

கமக்காரர்களே! கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் வட்டைகளில் பயிருக்குக் காவலிருப்போர் அனுமதிப்பத்திரத்துடன் வைத்திருக்கும் துப்பாக்கியின் தோட்டாக்களும், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் வழங்கும் யானை வெடிகளும் இரவு கழிந்தபின் வீட்டுக்கே திரும்புகின்றன. அவற்றை எங்கே வைக்கிறீர்கள்?

மாரியில் ஈரம் படுமென்று அஞ்சி, அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைப்போர் உளர். இது மிகவும் ஆபத்தானது. ஈரத்தால் கெடுவது சில தோட்டாக்களே. தீப்பட்டால் வீடே போகும்.

துப்பாக்கிக்கு வெளியே தீயிற்பட்ட தோட்டா, குழல் இல்லாமையால் ரவையை வெகுதூரம் செலுத்தாது. ஆயினும் கோது பிளந்து தெறிக்கும் துணுக்கு கண்ணைக் கெடுக்கவல்லது. யானை வெடியோ இதனினும் கொடியது. ஒரு பொறி பட்டு ஒன்று வெடித்தால் அருகிலுள்ளவையும் வெடிக்கும். 2016 யூன் 5ஆம் திகதி கொஸ்கம, சாலாவ இராணுவ முகாமின் ஆயுதக் களஞ்சியத்தில் பற்றிய தீ, சுற்றிலுமிருந்த வீடுகளையும் சிதைத்தது. காவலுள்ள களஞ்சியத்திற்கே அக்கதியெனின், சுவரோடு சுவர் ஒட்டிய நம் கரையோர வளவுகளைப் பற்றிக் கூறவேண்டுமோ?

தோட்டாக்களை அவற்றின் அட்டைப்பெட்டியுடனே, பூட்டுள்ள மரப்பெட்டியில், குளிர்ந்த உலர்ந்த அறையில் வைக்கவும். துப்பாக்கி வேறிடத்தில் இருக்கட்டும். திறப்பு உங்கள் மடியில் இருக்கட்டும். யானை வெடிக்குத் தனிப்பெட்டி வேண்டும். மண்ணெண்ணெயோ, நீர்ப்பம்பிக்குரிய பெற்றோலோ உள்ள அறை ஆகாது. வெடிமருந்தைத் தகரப்பேணியில் இறுக அடைப்பது, எரிந்து தீரக்கூடியதைக் குண்டாக்குவதாகும். வெடிக்காத யானை வெடியைப் பிரித்துப் பார்த்தலும் அடுப்பிலிடுதலும் கூடா. கடற்காற்றாற் பச்சைக் களிம்பேறிய தோட்டாவைக் குழலில் இடாது பொலிசாரிடம் ஒப்படைக்கவும்.

வீட்டில் தீப்பற்றின் பெட்டியை மீட்க உள்ளே ஓடாதீர். பிள்ளைகளையும் முதியோரையும் தூரத்தே அழைத்துச் சென்று, வெடிப்பொருள் எந்த அறையில் உள்ளதென்பதைத் தீயணைப்போருக்கு முதலிற் கூறுக.