இரண்டடுக்கு விமானத்தில் பயணமா? பெட்டி கட்டும் முன் சில குறிப்புகள்

ஏர்பஸ் ஏ380 விமானத்தில் பயணிகளுக்கு இரண்டு முழுத் தளங்கள் உண்டு. அவர்கள் எல்லோருடைய பெட்டிகளுக்கும் அடியில் இருக்கும் சரக்கறைதான் இடம். அதில் 38 கன்டெய்னர்கள் கொள்ளும்; ஒரே தளம் கொண்ட போயிங் 777-300ஈஆர் விமானத்திலோ 44 கொள்ளும். ஆகவே, பெரிய விமானம்தானே என்று சுமையைக் கூட்டாதீர்கள்.

1. ஒரு கன்டெய்னரில் முப்பது, நாற்பது பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். உடையும் பொருள்களைத் துணிகளுக்கு நடுவே பொதிந்து வையுங்கள். கனமானவை சக்கரம் இருக்கும் பக்கம் இருக்கட்டும்.

2. இப்பெட்டிகளைப் பெரும்பாலும் ஊழியர்கள் கையால்தான் தூக்கி அடுக்குகிறார்கள். அதனால் பல நிறுவனங்களில் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது. எடை கூடினால் இரண்டாகப் பிரித்துக் கட்டுங்கள். தூக்குபவரின் முதுகுக்கும் நல்லது.

3. விமானம் உயர ஏற, பயணிகள் பகுதியைப் போலவே சரக்கறையிலும் காற்றழுத்தம் குறையும். பாட்டிலுக்குள் உள்ள காற்று விரிந்து எண்ணெயை வெளியே தள்ளும். ஊறுகாய், தைலம் இவற்றின் மூடியை டேப் ஒட்டி இறுக்கி, இரண்டு பாலிதீன் உறைகளில் போடுங்கள்.

4. மேல் தளத்தில் சுவர் உட்புறம் வளைவதால், ஜன்னலோர இருக்கைக்கும் சுவருக்கும் இடையே மூடியுள்ள லாக்கர் அமைந்திருக்கும். கைப்பை, மடிக்கணினி, சால்வையை அதில் வைத்தால் எழுந்திருக்காமலே எடுக்கலாம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஏ380-இல் மேல் தளத்தின் பின்பகுதியில் எகானமி இருக்கைகளும் உண்டு; முன்பதிவின்போதே ஜன்னலோரம் கேளுங்கள்.

5. அதே வளைவினால் மேல் தளத்தில் ஜன்னல் பக்கத்துத் தலைக்கு மேலுள்ள பெட்டகம் சிறியது. சக்கரம் வைத்த கேபின் பெட்டியை நடு வரிசைக்கு மேலுள்ள பெட்டகத்தில் வையுங்கள்.

6. கைப்பெட்டியை நீங்கள் உட்காரும் தளத்திலேயே வையுங்கள். பல விமான நிலையங்களில் இரு தளத்தாரும் வெவ்வேறு கதவு வழியே இறங்குவார்கள். பெட்டிக்காகத் திரும்பிப் போவது கடினம்.

7. பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. கைப்பெட்டியைக் கடைசி நேரத்தில் சரக்கறைக்கு அனுப்பச் சொன்னாலும், பவர் பேங்கை வெளியே எடுத்துவிடுங்கள். எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒரு பவர் பேங்க் மட்டுமே அனுமதிக்கிறது. அதையும் தலைக்கு மேலுள்ள பெட்டகத்தில் வைக்கக்கூடாது.

8. சைக்கிள், வீணை போன்றவை கன்டெய்னரில் அடங்காவிட்டால், பின்புறமுள்ள தனிச் சரக்கறைக்குப் போகும். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி, சீக்கிரமே கவுன்டருக்குப் போங்கள்.

9. துபாயிலோ சிங்கப்பூரிலோ விமானம் மாறினால், பெட்டியில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊரின் குறியீடு இருக்கிறதா என்று செக்-இன் கவுன்டரிலேயே பாருங்கள். சென்னைக்கு எம்ஏஏ, திருச்சிக்கு டிஆர்இசட், கொழும்புக்கு சிஎம்பி.

10. பெட்டி பிந்தி வரவும் கூடும். அன்றாட மருந்து, மருத்துவரின் சீட்டு, ஒரு மாற்றுடை மூன்றும் கைப்பையில் கட்டாயம் இருக்கட்டும். முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்பவர்கள் இதை முதலில் எடுத்து வையுங்கள்.