கவிழ்ந்தாலும் நிமிரும் படகு

2009 ஒக்டோபர் 18 ஆம் திகதி, ஜெசிகா வாட்சன் என்ற அவுஸ்திரேலிய யுவதி சிட்னித் துறைமுகத்திலிருந்து தன்னந்தனியாக ஒரு பாய்மரப் படகில் புறப்பட்டார். 210 நாட்கள் எந்தத் துறையிலும் தரிக்காமல் உலகைச் சுற்றி, 2010 மே 15 இல் அதே துறைமுகத்துக்குத் திரும்பி வந்தார். அவருக்குப் பதினேழு வயது நிறைய இன்னும் மூன்று நாட்கள் இருந்தன. சாதனைப் பதிவுக்கு வேண்டிய 21,600 கடல் மைல் தூரத்துக்கு அவர் சென்ற பாதை போதாது என்று ஒரு விவாதமும் எழுந்தது. அது நமக்கு வேண்டாம். அவருடைய துணிவைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத விரும்புவது அவரைச் சுமந்து வந்த படகைப் பற்றி. அத்திலாந்திக் சமுத்திரத்தில் ஒரே புயலில் பல தடவை பாய்மரம் தண்ணீரில் படும்படி அந்தப் படகு சரிந்தது. ஒவ்வொரு தடவையும் அது தானாக எழுந்து நின்றது. ஏன் எழுந்தது? அதற்கான விடை உயர்தர இணைந்த கணிதப் பாடத்திலேயே இருக்கிறது.

படகின் வகை ஸ்பார்க்மன் அன்ட் ஸ்டீவன்ஸ் 34. நீளம் ஏறத்தாழ 34 அடி, அதாவது 10 மீற்றருக்குச் சற்று அதிகம். அகலம் 3 மீற்றர் அளவு. வடிவமைத்தது ஒலின் ஸ்டீவன்ஸின் அமெரிக்க நிறுவனம். நோயினால் பல்கலைக்கழகப் படிப்பை முதலாம் ஆண்டோடு விட்டவர் ஸ்டீவன்ஸ். பின்னர் அவரே அந்த நூற்றாண்டின் தலைசிறந்த படகு வடிவமைப்பாளர்களில் ஒருவரானார். 1969 இல் சிட்னி–ஹோபார்ட் ஓட்டப் போட்டியில் வென்ற எட்வர்ட் ஹீத்தின் படகும் இதே வகைதான். அடுத்த ஆண்டு அவர் பிரித்தானியப் பிரதமரானார். ஜெசிகாவுக்கு முன்னர் ஜோன் சாண்டர்ஸ், டேவிட் டிக்ஸ், ஜெசி மார்ட்டின் ஆகியோரும் இவ்வகைப் படகுகளிலேயே தனியாக உலகைச் சுற்றியிருக்கிறார்கள். ஆகவே அவர் படகைத் தெரிந்தெடுத்தது குருட்டுத் துணிச்சலில் அல்ல.

ஒரு சிறு பரிசோதனை செய்து பாருங்கள். வாளித் தண்ணீரில் ஒரு சஹனை மிதக்க விடுங்கள். இலேசாகத் தட்டினால் அசையாது, நன்றாக மிதக்கும். ஆனால் ஒரு தடவை புரட்டிவிட்டால் புரண்டபடியே கிடக்கும். இப்போது ஒரு போத்தலின் அடியில் கொஞ்சம் மணல் போட்டு மூடி மிதக்க விடுங்கள். அது சும்மாவே ஆடிக்கொண்டிருக்கும். ஆனால் எப்படிச் சரித்தாலும் கழுத்து மேலே வந்துவிடும். அகலத்தினால் வரும் உறுதி வேறு, அடிப்பாரத்தினால் வரும் உறுதி வேறு.

படகின் நிறை புவியீர்ப்பு மையத்தினூடாகக் கீழ்நோக்கித் தாக்குகிறது. நீரின் மேலுதைப்பு மிதப்பு மையத்தினூடாக மேல்நோக்கித் தாக்குகிறது. நேராக நிற்கும்போது இரண்டும் ஒரே கோட்டில் இருக்கும். படகு சரிந்ததும் மிதப்பு மையம் சரிந்த பக்கம் நகர, இரு விசைகளும் ஓர் இணையாகி, படகை மீண்டும் நிமிர்த்தும். இதற்குத்தான் வயிற்றுக்குக் கீழே மீன் செட்டை போன்ற கீல் தொங்குகிறது. இத்தகைய படகுகளில் மொத்த எடையின் மூன்றிலொரு பங்கு முதல் அரைவாசி வரை கீலில் உள்ள பாரமே. பெரும்பாலும் அது ஈயமாக இருக்கும்.

ஒரு கணக்கு. படகின் திணிவு 4,500 கிலோகிராம், இரு விசைக் கோடுகளுக்கும் இடையிலான தூரம் 0.5 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என எடுத்தால் நிமிர்த்தும் திருப்புதிறன் 4,500 × 10 × 0.5 = 22,500 நியூற்றன் மீற்றர். 50 கிலோ எடையுள்ள முப்பது மாணவிகள், அதாவது ஒரு முழு வகுப்பு, நடுக்கோட்டிலிருந்து 1.5 மீற்றர் தள்ளி ஒரே ஓரத்தில் நின்றால் கிடைக்கும் திருப்புதிறனும் இதுவே!

கீலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காற்று பாயைப் பின்னாலிருந்து தள்ளுகிறது என்றுதான் பலர் நினைக்கிறோம். பக்கக் காற்றில் வளைந்த பாய் விமானச் சிறகைப் போல வேலை செய்கிறது. அதன் இரு புறங்களிலும் அமுக்கம் வேறுபடுகிறது. விளையுள் விசையைக் கூறாக்கினால் சிறு பங்கு முன்னோக்கியும் பெரும் பங்கு பக்கவாட்டிலும் இருக்கும். பக்கக் கூறை ஆழமான கீல் தடுக்கிறது. மிஞ்சும் முன்கூறில் படகு ஓடுகிறது. அப்படியும் காற்றுக்கு நேரெதிரே போக முடியாது. ஏறத்தாழ 45 பாகை விலகி, இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும்.

வேகத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். மணிக்கு ஆறரைக் கடல் மைல் அளவு, ஒரு சைக்கிள் வேகம். இவ்வகைப் படகு ஓடும்போது தானே ஓர் அலையை எழுப்புகிறது. அந்த அலையின் நீளம் நீர்மட்டத்தில் படகின் நீளத்தை எட்டியதும் அதைத் தாண்டி வேகமெடுப்பது மிகக் கடினம்.

உடல் பைபர் கிளாஸ். நமது கரையோர மீனவர்களின் சிறு படகுகளும் இதே பொருள்தான். அச்சின் உட்புறத்தில் முதலில் மினுக்கமான மேற்பூச்சு. அது இறுகிய பின் கண்ணாடி நார் விரிப்பு, அதன்மேல் பிசின், மீண்டும் நார், மீண்டும் பிசின். கண்ணாடி நார் இழுவையைத் தாங்கும், பிசின் நார்களைப் பிடித்து வைத்திருக்கும். பலகைப் படகில் எத்தனை மூட்டுகள், அத்தனை ஒழுக்குகள். இதில் மூட்டே இல்லை, உளுக்கவும் மாட்டாது. ஆயினும் நெடுங்காலம் தண்ணீரில் கிடந்தால் மேற்பூச்சினூடாக நீர் ஊறிக் கொப்புளங்கள் கிளம்பும்.

மாலுமி அமரும் குழி வேண்டுமென்றே சிறிதாக்கப்பட்டிருக்கும். அலை நிரப்பினாலும் அதன் துவாரங்கள் வழியே நீர் வடிந்துவிடும். தூங்கும்போது சுக்கானைப் பிடிப்பது யார்? பின்புறத்தில் ஒரு சிறு தகடு காற்றின் திசையை உணர்ந்து, நீரோட்டத்தின் வலுவைக் கொண்டே படகைத் திருப்புகிறது. மின்சாரம் தேவையில்லை. ஜெசிகா தனது கருவிக்கு ‘பார்க்கர்’ என்று பெயர் வைத்திருந்தார்.

இன்றைய படகுகள் பல அகன்று தட்டையாக இருக்கின்றன. உள்ளே விசாலமான அறைகள், பெரிய சமையலறை. 34 இன் உள்ளறையோ ஒடுக்கம். ஆனாலும் தென்சமுத்திரத்துக்கு எதில் போவாய் என்று கேட்டால் ஒடுக்கமானதையே கேட்பேன். நமது பக்கத்து நாட்டுக் கடல்களில் உல்லாசமாகச் சுற்றுவதென்றால் விசாலமானது போதும்.

ஒரு குறையை மட்டும் வடிவம் தீர்க்காது. பைபர் கிளாஸ் ராடர் அலைகளைச் சரியாகத் தெறிக்கச் செய்வதில்லை. பெரிய கப்பலின் திரையில் சிறிய படகு தெரியாமலே போகலாம். பயணத்துக்கு முந்திய மாதம், பரீட்சார்த்த ஓட்டத்தின்போது இரவில் ஒரு பெரும் சரக்குக் கப்பலுடன் மோதி ஜெசிகாவின் பாய்மரம் முறிந்தது. ‘சிறுமியை அனுப்பாதீர்கள்’ என்று பலர் சத்தமிட்டார்கள். அவர் படகைத் திருத்திக்கொண்டு, அடுத்த மாதமே புறப்பட்டார்.