ஓவியங்களுக்கு எவ்வளவு குளிர் வேண்டும்?

ஜொகூர் மாநிலத்தின் லாபிஸ் பட்டணத்திலிருந்து கோலாலம்பூருக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர்கள், கலைக்கூடம் ஒன்றில் நுழைந்ததும் முதலில் உணர்வது குளிரைத்தான். அந்தக் குளிர் பார்வையாளர்களுக்காக மட்டும் அன்று. சுவரில் தொங்கும் ஓவியங்களுக்காகவும்தான்.

ஓவியத்தின் துணியும் மரச்சட்டமும் காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் விரியும், உலர்ந்தால் சுருங்கும். இம்மாற்றம் திரும்பத் திரும்ப நிகழ்ந்தால் வண்ணப்பூச்சு வெடித்து உதிரும். இரண்டாம் உலகப் போரின்போது, இலண்டன் தேசியக் கலைக்கூடத்தின் ஓவியங்கள் குண்டுவீச்சிலிருந்து காக்கப்படுவதற்காக வேல்ஸ் நாட்டின் மேனோட் மலைச் சுரங்கத்தில் வைக்கப்பட்டன. அங்கு வெப்பநிலை சுமார் 17 பாகை செல்சியசிலும் ஈரப்பதம் 42 விழுக்காட்டிலும் சீராக இருந்தன. வண்ணம் உதிர்வது வெகுவாகக் குறைந்தது. சீரான காற்றே கலைப்பொருளைக் காக்கும் என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றது. நாளடைவில் உலகின் பல கலைக்கூடங்கள் மிகக் குறுகிய அளவைக் கடுமையான விதியாக்கிக் கொண்டன.

அவ்விதிக்குக் கொடுக்கும் விலை பெரிது. ஐஸ் போட்ட பானத்தின் குவளை வெளிப்புறம் வியர்ப்பதை நாம் பார்த்திருக்கிறோம். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் பட்டு நீராகிறது. கலைக்கூட இயந்திரமும் இவ்வாறே காற்றை மிகவும் குளிரவைத்து ஈரத்தைப் பிரிக்கிறது. பின்னர், தேவையான அளவுக்கு அக்காற்றை மீண்டும் சூடாக்குவதும் உண்டு. ஆகவே, மின்சாரம் இருமுறை செலவாகிறது. மலேசியாவில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் கிடைப்பதால் கரிம வெளியேற்றமும் கூடுகிறது.

புவி வெப்பமடையும்போது காற்று அதிக ஈரத்தைத் தாங்குகிறது, கனமழையும் தீவிரமடைகிறது. வெள்ளம் என்ன செய்யும் என்பதை லாபிஸ் அமைந்துள்ள சிகாமட் மாவட்டம் நன்கறியும். 2023 மார்ச் மாதத்தில் ஜொகூரில் 40,000-க்கும் மேற்பட்டோர் துயர்துடைப்பு மையங்களில் தங்க நேர்ந்தது. நேற்றைய கலைச்செல்வத்தைக் காக்கும் முயற்சி, நாளைய வாழ்வுக்கு ஊறு செய்யலாமா?

இக்கேள்வி கலைக்கூடங்களையும் சிந்திக்க வைத்தது. 2014-இல் அனைத்துலகப் பாதுகாப்பு வல்லுநர்கள், கலைப்பொருள்களுக்கான காற்றின் அளவுகள் அந்தந்த நாட்டின் தட்பவெப்பத்தில் எட்டக்கூடியவையாக இருக்க வேண்டும் என அறிவித்தனர். பெரிய அருங்காட்சியகத் தலைவர்களின் பிசோ குழு, பெரும்பாலான பொருள்களுக்கு 16 முதல் 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையும் 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதமும் ஏற்கத்தக்கவை என வழிகாட்டியது. 2019-இல் இலண்டனின் டேட் கலைக்கூடம் பருவநிலை நெருக்கடியைப் பிரகடனப்படுத்தி, 2023-க்குள் தனது கரிம வெளியேற்றத்தைக் குறைந்தது 10 விழுக்காடு குறைப்பதாக உறுதியளித்தது.

எனினும், நம் நாட்டில் குளிரூட்டியை அப்படியே நிறுத்திவிட முடியாது. ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டினால் தாளிலும் துணியிலும் பூஞ்சை படரும். ஆகவே, எளிதில் கெடும் பொருள்களைத் தனிப்பேழையில் காப்பதும், மற்ற அறைகளில் அளவுகள் மெல்ல மாற இடங்கொடுப்பதும் தக்க வழிகளாகும்.

மலேசியா 2050-க்குள் நிகரக் கரிம வெளியேற்றத்தைச் சுழியமாக்க இலக்குக் கொண்டுள்ளது. அத்தகைய உறுதிமொழி மெய்யானதா என்பதை மின்கட்டணச் சீட்டு காட்டிவிடும். கலைக்கூடத்திற்கு மட்டுமன்று, குளிரூட்டி உள்ள ஒவ்வொரு வீட்டிற்கும் பள்ளிக்கும் இது பொருந்தும்.